நூறாவது தலை

டில்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும் இறங்கி வந்த அதிகாரம், கடைசியில் மேலக்கிணற்றுத் தெருவுக்கே வந்து, தெருத் தலைவர் தங்கப்பாண்டியின் மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. நிபந்தனை ஒன்றுதான்: நூறு தலை இருக்கிற தெருவுக்குத்தான் தனி அரசு. அவர் தெருவில் சரியாக நூறு.

மகள் இசைவாணியோ, பக்கத்துத் தெருப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவள் போனால் தொண்ணூற்றொன்பது. அரசு கலைந்துவிடும்.

பக்கத்துத் தெருத் தலைவர் சீனிராஜ் பேச வந்தார். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல இருவரும் துண்டுக்குள் கையை விட்டார்கள். தங்கப்பாண்டி இரண்டு விரலைப் பிடித்தார்.

“ஒரு பொண்ணுக்கு ரெண்டு ஆளா? அநியாயம் அண்ணாச்சி!”

“இன்ஜினியருக்குப் படிச்ச பொண்ணுய்யா.”

கடைசியில் ஒரு விரலுக்குப் பேரம் படிந்தது.

“சரி, யாரைத் தருவீக?”

“மாப்பிள்ளையோட அம்மாவை. எங்க தெருவுல ஒருத்தர் விடாம சம்மதிச்சாச்சு.”

கதவோரம் நின்ற இசைவாணி சொன்னாள்: “பிடிச்ச விரலை விட்டுறாதீங்கப்பா.”

கல்யாணம் முடிந்த மறுவாரம், மாப்பிள்ளையின் அம்மா செண்பகவடிவு மீன்குழம்புத் தூக்குவாளியோடு தங்கப்பாண்டியின் அலுவலகத்துக்கு வந்தார்.

“மகனைப் பாத்துட்டு வந்துருதேன். பாஸ்போர்ட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

தங்கப்பாண்டி பேனாவைத் திறந்தார். போன் அடித்தது. மகள்தான்.

“அத்தை வந்திருப்பாங்க. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுறாதீங்கப்பா.”

அவர் போனை வைத்தார், பேனாவை மூடினார்.

“மேலிடத்துலேருந்து இன்னும் உத்தரவு வரலை சம்பந்தியம்மா.”