வியர்க்க விறுவிறுக்க

பூங்காக் குழாயில் பனியனை நனைத்துக்கொண்டு, ஜிம்மில் ஓடாய்த் தேய்ந்தவர் போல மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார் வங்கி மேலாளர்.

"இன்னைக்கு என்னங்க பண்ணீங்க?" என்றாள் மனைவி. துணிக்கடை நடத்துபவள், ஒரு கேள்வியைக்கூட வீணாகச் செலவழிக்க மாட்டாள்.

"டிரெட்மில்லுல ஓட்டம். மாஸ்டர் பிழிஞ்சு எடுத்துட்டாரு."

"அப்புறம் ஏன் தொப்பை அப்படியே இருக்கு? குறைக்கலைன்னா இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஜிம்முக்குப் போங்கன்னா நீங்க முதல்ல மழைன்னீங்க, அப்புறம் முட்டி வலி, அப்புறம் தூரம், கூட்டம்..."

"அதெல்லாம் பழைய கதை. இப்பல்லாம் நான் உள்ள நுழைஞ்சாலே மாஸ்டர் எந்திரிச்சு வந்து கை குடுக்கறாரு!"

"அப்படியா! ஆச்சரியம்தான்."

அழைப்பு மணி அடித்தது. நீளமான இயந்திரம் ஒன்றைத் தூக்கியபடி இரண்டு ஆட்கள் வந்தார்கள்.

"எங்கம்மா வைக்கணும்?"

"கட்டிலுக்கு எதிர்ல. ஐயா கண்ணு முழிச்சா இதுதான் தெரியணும்."

மேலாளருக்கு இப்போது நிஜமாகவே வியர்த்தது. "டிரெட்மில் எதுக்கு? அதான் ஜிம்முல இருக்கே!"

"இது அந்த ஜிம்மோடதுதான். போன வாரமே இழுத்து மூடிட்டாங்க. சாமானை விக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், பேரம் பேசி முடிச்சுட்டேன். இனிமே மழையும் இல்ல, தூரமும் இல்ல."

எதையாவது சொல்லி மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும். "போயும் போயும் பழசை வாங்கி ஏமாந்திருக்கியே..."

"பழசா? பெல்ட்டுல ஒரு கீறல் இருக்கா பாருங்க. உறுப்பினர் எல்லாம் உங்களை மாதிரியே இருந்தா, அது எப்படிங்க தேயும்?"