இரண்டே பட்டை

மனித ரத்தத்தில் பல வகைப் புரதங்கள் உண்டு. ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அவை அளவுவாரியாகப் பிரிந்து, ஏணிப்படி போல நிறையப் பட்டைகளாக நிற்கும். கம்பனியிலிருந்து போத்தலில் வரும் சுத்தமான ஆன்டிபாடி, அதாவது ஒரே வகை நோய் எதிர்ப்புப் புரதம், என்றால் அது இரண்டு துண்டாகப் பிரிந்து இரண்டே பட்டை. இரண்டையும் ஒப்பிடுவதுதான் அன்றைய செய்முறை. ஆளுக்குக் கொஞ்சம் எங்கள் ரத்தத்தையே கொடுத்தோம்.

மடவளை ஊர்க்காரன் இப்திகாரின் ரத்தத்தில் இரண்டே பட்டை விழுந்தது. போத்தலில் இருந்ததும் அவனும் அச்சு அசல் ஒன்று.

கஜலட்சுமி மிஸ் என்னைத்தான் பார்த்தார். போன செமஸ்டரில் மாதிரிக்குப் பதிலாக ஜெல்லில் பால் விடாத பிளேன்டீ ஓட்டியவன் நான்.

"ஸ்ரீதரன், டியூபை மாத்தினது நீதானே? உண்மையச் சொல்லு, இல்லாட்டி இந்தப் பாடம் பெயில்."

"சத்தியமா இல்லீங்க மிஸ். பிளேன்டீயோட திருந்திட்டேன்."

"மடவளத் தண்ணி அவ்வளவு கிளீன் மிஸ்," என்றான் இப்திகார். எல்லோரும் சிரித்தார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. என்னை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார். இப்திகார் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, தானே ஜெல்லில் ஓட்டினார். கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னேரம், பட்டைகளைக் காட்டும் நீலச் சாயம் தெளிந்தபோது மறுபடியும் இரண்டே பட்டை.

மிஸ் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. உங்க மேல பிழை இல்ல."

என்னை அவர் 'வாங்க' என்றது அதுவே முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்திகார் ஜெல்லைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஊசி குத்திய இடத்தை அழுத்திக்கொண்டு, ஆன்டிபாடிப் போத்தல் இருந்த குளிர்பெட்டிப் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டான்:

"மிஸ், அந்தப் போத்தல்ல இன்னும் எவ்வளவு மிச்சம் ஈக்கி?"