உப்புக்காரியின் ஜாடி

உப்புக்காரியின் ஜாடியில் நாற்பத்திரண்டு விதைகள் குறைந்தன.

மோகனப்பிரியா மறுபடியும் எண்ணச் சொன்னாள். கணினி எண்ணியது. நாற்பத்திரண்டேதான்.

"திருடிட்டா லா," என்றான் பக்கத்து மேசை திலீப். "நீங்கதானக்கா அவளை அப்படிப் படைச்சீங்க?"

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், பழைய கடைவீடொன்றின் மாடியில், இருவரும் ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு தீவு, தீவில் ஒரு சந்தை. மிளகு, உப்பு, டிராகன் முட்டை ஓடு எல்லாம் விற்கும். காசுக்குப் பதில் சிவப்பு விதைகள். விலை ஏறுவது, சரக்கு தீர்வது, வதந்தி பரவுவது வரை எல்லாம் அவள் எழுதிய விதிகள்.

ஜாடி காலியானால் உப்புக் கடை மூடும். உப்பு இல்லாவிட்டால் மீன் கடை மூடும். ஒரே வாரத்தில் சந்தை படுத்துவிடும்.

நாளைக் காலை நூறு பேர் ஆடிப்பார்க்க வருகிறார்கள்.

அவள் திருட்டு விதியை அணைத்துவிட்டு, சந்தையை இன்னொரு நாள் ஓடவிட்டாள். இந்த முறை ஐம்பத்தேழு குறைந்தது.

திருடாமலே குறைகிறது.

அன்று உப்பு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாள். ஐம்பத்தேழு. முந்தைய நாள், நாற்பத்திரண்டு.

திருடுகிற கை நேரம் பார்த்து எடுக்கும். ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஒன்றுமில்லை. வந்தவர்களை எண்ணி, ஆளுக்கு ஒன்று என்று எந்தத் திருடியும் எடுப்பதில்லை.

"கொசுறு," என்றாள்.

போன மாதம் அவளே எழுதிய விதி. வாங்கியவர் கிளம்பும்போது, கடைக்காரர் கைக்கு எட்டியதில் ஒன்றைச் சும்மா கொடுக்க வேண்டும். காய்கறிக் கடையில் அது ஒரு கொத்துக் கறிவேப்பிலை. உப்புக் கடையில் கறிவேப்பிலை ஏது? கைக்கு எட்டியது விதை ஜாடிதான்.

"கொடுத்துக் கொடுத்தே போண்டியாகிறாளா!" திலீப் சிரித்தான்.

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

அந்த விதியை அவள் சின்ன வயதில் கற்றது தேக்கா மார்க்கெட்டில், ஜாஃபர் அங்கிளின் காய்கறிக் கடையில். கேட்காமலே பையில் கறிவேப்பிலை விழும். அதை அவர் சொன்னதும் இல்லை, கணக்கில் சேர்த்ததும் இல்லை.

அவர் மகள்தான் நஸீஹா.

அப்போது பூன் லேயில், குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, சனிக்கிழமைதோறும் நஸீஹாவும் அவளும் கடை போட்டார்கள். ஸ்டிக்கர், ரப்பர், ரிப்பன். சாகா என்கிற மஞ்சாடி மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு விதைதான் காசு. மழை பெய்த மறுநாள் எல்லார் பாக்கெட்டிலும் விதை நிறையும். இரண்டு விதை ஸ்டிக்கர் ஆறுக்கு ஏறும். பணம் மரத்தில் காய்த்தால் என்ன ஆகும் என்பதைப் பத்து வயதிலேயே இருவரும் கண்டுபிடித்திருந்தார்கள்.

நஸீஹா விற்பாள். மோகனப்பிரியா மைலோ டின்னில் சேர்ந்ததை எண்ணுவாள்.

கடைசிச் சனிக்கிழமை டின்னில் பதினொன்று குறைந்தது.

"பதினொண்ணு காணோம்! நீதான் எடுத்தே!"

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஸீஹா பாவாடையின் இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். வெறும் துணி. பிறகு படியேறிப் போனாள்.

திங்கட்கிழமைக்குள் அது புளோக் முழுவதும் தெரிந்திருந்தது. வருடக் கடைசியில் நஸீஹா வீட்டார் வேறு இடத்துக்குக் குடிமாறிப் போனார்கள். இன்றுவரை மோகனப்பிரியா தேக்காவில் ஜாஃபர் அங்கிளின் கடை இருக்கும் வரிசைப் பக்கம் போகாமலே காய்கறி வாங்குகிறாள்.

அன்றைக்கு வாங்க வந்தவர்களை இப்போது விரல்விட்டு எண்ணினாள். சேவியர், ரஞ்சன், எட்டாம் மாடி இரட்டையர்கள், அவர்களுடைய தங்கை...

ஒவ்வொருவராகக் கண்முன் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கையில் வாங்கியதைப் பிடித்து, மறு கையை இறுக மூடிக்கொண்டு போனார்கள்.

பதினொரு பேர்.

கணினியில் உப்புக்காரியின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு வருடம் முன்பு அவளே நிரப்பியது. கைச்சுத்தம்: பத்துக்கு இரண்டு. அதற்கு மேலே, பெயர் என்ற இடத்தில்: நஸீஹா.

இரண்டை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டாள். உப்புக்காரி திருடி என்று சந்தையில் ஏற்கெனவே பரவிய வதந்தி அப்படியே இருந்தது. அதைத் திரும்ப எடுக்க அவள் விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"திலீப், தேக்கா மார்க்கெட் எத்தனை மணி வரைக்கும்?"

"மதியம் ஒரு மணிக்கெல்லாம் மூட ஆரம்பிச்சிடுவாங்க. ஏன்க்கா, கறிவேப்பிலையா?"

"ஆமா," என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள்.