தம்பி வாசலில் ஒரு பலகை

தம்பி வீட்டு வாயிற்கம்பத்தில் ஊராட்சி ஊழியர் பச்சைப் பலகையைப் பொருத்துகிறார். 'ஊராட்சி மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை' என்ற வெள்ளை எழுத்தில் காலை வெயில் பட்டு, எதிர்வீட்டு வாசலில் நிற்கும் அண்ணனின் கண்ணைக் கூசவைக்கிறது. அந்த மானியத்துக்கு இவனும் படிவம் வாங்கினவன்தான். நிலத்தை அளக்க ஆள் வரும் என்றதும், சாலையிலிருந்து பத்தடி விடவேண்டிய இடத்தில் நாலடி மட்டும் விட்டுக் கட்டிய மாட்டுக்கொட்டகை நினைவுக்கு வந்தது; படிவத்தை மடித்துப் பரணில் போட்டான். இப்போது தம்பியின் குட்டையில் கத்தும் தவளைகூட இவனைப் பழிக்கிறது. போதாக்குறைக்கு, ஊழியர் ஏறி நிற்கும் ஏணியும் இவனுடையது. "அண்ணே, அங்கேருந்து பாத்துச் சொல்லு, நேரா இருக்கா?" என்று தம்பி வாயெல்லாம் பல்லாகக் கேட்கிறான். பலகை இடப்பக்கம் இரண்டு விரற்கடை சரிந்திருக்கிறது. "நூல் பிடிச்ச மாதிரி இருக்குடா. அடிக்கச் சொல்லு!" என்கிறான் அண்ணன். நாலு ஆணியும் இறங்குகின்றன. ஏணி திரும்பி வருகிறது. தம்பி உள்ளே போகிறான். அவன் வீட்டிலிருந்து பார்த்தால் பலகையின் முதுகுதான் தெரியும். கோணல் முழுவதும் அண்ணன் வாசலைப் பார்த்து நிற்கிறது.