வேறொரு கார்டு

வீட்டில் நானே செய்த, மரம் செதுக்கும் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்க, விலை குறைந்த பேரலல் போர்ட் கார்டே போதும் என்று சொன்னவன் சந்தியாகு. "என்னோடதும் அதேதான் மாப்ள."

நம்பி வாங்கினேன். என் மெஷின் பாதியில் தடம் மாறித் தேக்குப் பலகையைக் கெடுத்தது. எனக்கு வந்திருந்த மாதா கோயில் கதவு வேலை அவன் கைக்குப் போயிற்று.

இன்று அவன் மெஷின் நின்றுவிட்டதென்று என்னைத்தான் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது, வீண் செலவு என்று அவன் என்னை வாங்கவிடாமல் தடுத்த விலை கூடிய கார்டு. அதற்கு ஒன்றுமில்லை. கேபிள்தான் கழன்றிருந்தது, சொருகினால் ஓடும்.

"என்ன மாப்ள, கார்டு போயிருச்சா? கதவு பாக்க ஃபாதர் வந்துட்டிருக்காருடா."

கேபிளைக் கையில் பிடித்தபடி, "ஆமா மாப்ள" என்றேன்.