கூரைப்பாலத்தில் இரண்டு மணப்பெண்கள்

ஓட்டுக்கூரை போட்ட அந்த மரப்பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். மாலை வகுப்புக்கு நான் சைக்கிளில் போனபோது, இரு கரைகளிலிருந்தும் வந்த இரண்டு மணப்பெண் வேன்கள் நடுப்பாலத்தில் எதிரெதிரே நின்றன. மண்டபத்துக்குக் கிளம்பிய பெண்ணைப் பின்னோக்கிக் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே வழக்கம். ஆறு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இருவருக்குமே நல்ல நேரம் தவறிவிடும்.

“வண்டியப் பின்னால எடுங்க” என்றார் ஒரு பெண்ணின் தாய்மாமன்.

“ஏனுங்க, உங்க பொண்ணு மட்டுந்தான் பொண்ணுங்களா?” என்றார் எதிர் வேன்காரர்.

கடைசியில் வேன் ஓட்டுநர்களில் ஒருவரான செங்கோடன்தான் வழி சொன்னார். “பொண்ணுங்க ரெண்டு பேரும் வேன மாத்தி ஏறிக்கட்டும். நாங்க வந்த கரைக்கே ரிவர்ஸ் எடுத்தா, அவங்க போக வேண்டிய பக்கம் முன்னாலதான போவாங்க?”

மணப்பெண்கள் இருவரும் இறங்கி நடந்தார்கள். வேன்களுக்கு நடுவே ஐந்தடி இடம் இருந்திருக்கலாம், நான் நினைப்பது சரிதானா தெரியவில்லை. அங்கே இருவரும் நின்றுவிட்டார்கள்.

“உங்கவரு எப்படிங்க?” என்றாள் ஒருத்தி.

“போட்டோவுலதான் பார்த்தேன். உங்கவரு?”

“நானும் அப்படித்தானுங்க.”

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு வேன்களின் கதவுகளும் திறந்திருந்தன. இருவரில் யாரும் அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை.