லூப்புக்குள் தொலைந்த எண்ணிக்கை

"மேடம், உங்க ஸ்கிரிப்ட் பொய் சொல்லுது!"

கூட்டம் ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே புலி பாய்ந்துவிட்டான். ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பு எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்ததால் அலுவலகம் வைத்த பெயர் அது. பயிற்சிக் காலம் முடிய இன்னும் நாலே நாள். வேலை நிரந்தரமாக வேண்டுமே, அதற்குள் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டாமா?

"அப்படி என்ன பொய்?" என்றார் குழுத் தலைவி.

"நம்ம குழு எழுதற புரோகிராம்ல இந்த வருஷம் மொத்தம் எத்தனை பிழைன்னு எண்ணி, வாராவாரம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புதே, அந்த ஸ்கிரிப்ட்தான். நான் பார்த்த ரிப்போர்ட் எல்லாத்துலயும் பூஜ்யம்! தப்பே பண்ணாத குழு உலகத்துல எங்கயாவது உண்டா?"

பக்கத்து மேஜை அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தம்பி, அதை விடேன்."

"சும்மா இருங்கக்கா. குட்டு வெளிப்பட்டுடும்னு உங்களுக்குப் பயம்."

பெரிய திரையில் ஸ்கிரிப்ட்டைத் திறந்தான்.

"இதோ, பிழைப் பட்டியலை பைப், அதாவது இந்தச் செங்குத்துக் கோடு வழியா, ஒவ்வொண்ணா எண்ணற லூப்புக்குள்ள அனுப்பியிருக்கீங்க. பைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கற லூப் தனி அறை மாதிரி தனி ஷெல்லுல ஓடும். அங்க கூட்டினதெல்லாம் லூப் முடிஞ்சதும் அங்கயே காணாம போயிடும். வெளிய இருக்கற எண்ணிக்கை பூஜ்யமாவே உட்கார்ந்திருக்கும். இது அரிச்சுவடி மேடம்! இதுகூடத் தெரியாம எப்படித்தான் தலைவி ஆனீங்களோ!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

லூப்புக்குள் எண்ணிக்கையைக் காட்டும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினான். ஒன்று, இரண்டு என்று இருபத்து மூன்று வரை ஏறியது. லூப் முடிந்ததும் கடைசி வரி வந்தது. பிழைகள்: 0.

"பார்த்தீங்களா! இப்ப பைப்பைத் தூக்கிட்டு, பட்டியலை நேரா லூப்புக்கே குடுக்கறேன்."

பிழைகள்: 23.

"அடேங்கப்பா! இது யார் கைவண்ணம்னும் பார்த்துடுவோம்."

பெயரையும் காட்டச் சொல்லித் தட்டினான். இருபத்து மூன்று வரியிலும் ஒரே பெயர். அவன் பெயர்.

புலிக்கு வேர்த்துக் கொட்டியது. "என்கிட்ட யாருமே சொல்லலையே!"

"சொன்னேனே தம்பி," என்றாள் அக்கா. "இந்த வரியை இப்படி மாத்தினா நல்லா இருக்கும்னு மேஜைக்கு வந்து வந்து சொல்லலையா?"

சொன்னாள்தான். பொறாமையில் நச்சரிக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் போன பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வரிகளை மாற்றியும் வைத்திருந்தான். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பயிற்சியில பத்துப் பிழைக்கு மேல போனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே மேடம்," என்றான்.

"கடைசிப் பிழை எந்தத் தேதி? பாருங்க."

பார்த்தான். இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

"தேறிட்டீங்க!" என்றார் தலைவி. அறையே கைதட்டியது. அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். புலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புலி புலிதானே!

"எல்லாம் சரி மேடம். ஆனா பைப் போட்டு லூப்புக்குள்ள எண்ணினது உங்க தப்புதானே?"

தலைவி, யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார்கள் என்ற பதிவைத் திரையில் திறந்தார். ஆறு வருடமாகப் பைப் இல்லாமல் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் அது. பைப்பை நுழைத்தது தலைவிதான். தேதி, அவனுடைய முதல் பிழை பதிவான அதே நாள்.

"திங்கக்கிழமை உங்களுக்கு நிரந்தர உத்தரவு வருது. அன்னிக்கே அந்தப் பைப்பை எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க!"